வீல் ஆஃப் டைம் பத்தாம் புத்தகம் அவ்வளவு மோசமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராபர்ட் ஜோர்டானின் 'வீல் ஆஃப் டைம்' தொடரில் பத்தாவதாக வந்த 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்' பற்றிய பக்கம் இது. தொடரைப் பாதிவரை படித்துவிட்டு, "பத்து ரொம்ப இழுவையாமே, இதோடு நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்பவர்கள் நிறைய. அவர்களுக்காகவும், படித்து முடித்தும் கோபம் தீராதவர்களுக்காகவும் எழுதுகிறேன். ஒன்பது, பத்து இரண்டின் முடிவுகளும் இங்கே வெளிப்படையாக வரும். பதினொன்றின் விஷயம் ஒரே ஒரு பதிலில் வருகிறது, அங்கே எச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

தொடரே படிக்காதவருக்கு நாலு வரியில் கதை சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். 14 தடித் தொகுதிகள், கூடவே ஒரு முன்கதை. முதல் தொகுதி வந்தது 1990 ஜனவரியில், கடைசித் தொகுதி 2013 ஜனவரியில். ராண்ட் என்ற கிராமத்துப் பையன் உலகைக் காக்கப் பிறந்தவன். உலகை உடைக்கப் போகிறவனும் அவனேதான் என்கிறது தீர்க்கதரிசனம். அவனோடு ஊரைவிட்டுக் கிளம்பும் மாட், பெரின், எக்வெய்ன், நைனீவ் எல்லாரும் ஆளுக்கொரு திசையில் பிரிந்து, ஒவ்வொருவரும் ஒரு தனி நாவலுக்கான கதையோடு வளர்கிறார்கள். இந்த உலகத்து மந்திர சக்திக்கு ஆண் பாதி, பெண் பாதி என்று இரண்டு பக்கம் உண்டு. ஆண் பாதியில் 3000 ஆண்டுகளுக்கும் மேலாக நஞ்சு கலந்திருக்கிறது. அதைத் தொடுகிற ஆண்களுக்கு என்றைக்காவது பைத்தியம் பிடித்தே தீரும். ராண்ட் அதைத் தொட வேண்டிய ஆள். தொடரின் பெரிய பயம் இதுதான்.

பத்தாம் புத்தகம் தொடங்கும்போது கதை எங்கே நிற்கிறது?

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் வாசகர்களின் கோபத்தில் பாதி புரிந்துவிடும். ஒன்பதாம் தொகுதியின் கடைசி அத்தியாயத்தில் ராண்டும் நைனீவும் சேர்ந்து அந்த நஞ்சை வடித்து எடுத்துவிடுகிறார்கள். இரண்டு பிரம்மாண்டமான சிலைகள் வழியாக, உலகம் அதுவரை காணாத அளவுக்குச் சக்தியை இழுக்கிறார்கள். அவர்களைத் தடுக்க எதிரிகள் நாலாபுறமும் பாய்கிறார்கள். எல்லாம் முடியும்போது, பாழ்நகரம் ஒன்று நின்ற இடத்தில் மாபெரும் பள்ளம்தான் மிச்சம். தொடர் முழுக்க ஓடிய பயம் ஒரே அத்தியாயத்தில் தீர்கிறது.

அதே புத்தகத்தில் இன்னொரு பக்கம், மாட் ஒரு சின்ன உருவப் பெண்ணைக் கடத்திக்கொண்டு நகரத்தைவிட்டுத் தப்புகிற நேரத்தில், அவள்தான் தனக்கு மனைவியாக விதிக்கப்பட்டவள் என்று தெரிந்துகொள்கிறான். கடல்கடந்து வந்து பாதிக் கண்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஷான்சன் பேரரசின் வாரிசு அவள். பெயர் துவான். பெரினின் மனைவி ஃபாயீலை ஷைடோ என்ற கூட்டம் எட்டாம் புத்தகத்தின் கடைசியிலேயே பிடித்துக்கொண்டு போய்விட்டது. சக்தியைக் கையாளும் பெண்களான ஐஸ் செடாய்களின் அமைப்பு இரண்டாகப் பிளந்திருக்கிறது; கிளர்ச்சி அணியின் தலைவியான எக்வெய்ன், எதிரணியின் கோபுரம் இருக்கும் டார் வாலன் நகரைப் படையோடு முற்றுகையிட்டிருக்கிறாள்.

இத்தனை திரிகளையும் பற்றவைத்துவிட்டு 2000 நவம்பரில் புத்தகம் முடிந்தது. அடுத்தது வந்தது 2003 ஜனவரியில்.

சரி, பத்தில் என்னதான் நடக்கிறது?

கிட்டத்தட்ட 700 பக்கம், 30 அத்தியாயம், ஒரு நீண்ட முன்னுரை அத்தியாயம், ஒரு முடிவுரை. சுருக்கினால் இவ்வளவுதான்:

மாட் ஒரு ஊர் சுற்றும் வித்தைக் கூடாரத்தில் ஒளிந்துகொண்டு துவானோடு பயணம் செய்கிறான். பெரின் மனைவியைத் தேடுகிறான், கண்டுபிடிக்கிறான், ஆனால் மீட்கவில்லை. ஆண்டோர் நாட்டு இளவரசி எலெய்ன், தலைநகர் கேம்லின் அரண்மனையில் உட்கார்ந்தபடி தன் சிம்மாசனத்துக்கு ஆதரவு திரட்டுகிறாள். எக்வெய்ன் முகாமில் கூட்டம் நடக்கிறது, அப்புறம் இன்னொரு கூட்டம். கடைசி அத்தியாயத்தில் எக்வெய்ன் பிடிபடுகிறாள். ராண்ட் 700 பக்கத்தில் ஓரிரு இடத்தில் தலைகாட்டி, ஷான்சன்களோடு சமாதானம் பேச ஆள் அனுப்புகிறான். முடிவுரையில் அதற்குப் பதில் வருகிறது: துவான் நேரில் வந்தால் பேசலாம் என்று. துவான் எங்கே இருக்கிறாள் என்பது நமக்குத் தெரியும், ராண்டுக்குத் தெரியாது. முடிந்தது.

"ஒன்றுமே நடக்கவில்லை" என்கிறார்களே, அது நியாயமா?

மேலே உள்ளதைப் படித்தால் நியாயம் என்றுதான் தோன்றும். ஆனால் என் கணக்கில் அது பாதிக் குற்றச்சாட்டு. மெதுவான பெரிய நாவல்கள் எத்தனையோ உண்டு, அவற்றையெல்லாம் வாசகர்கள் இப்படித் திட்டுவதில்லை. இந்தப் புத்தகத்தின் உண்மையான கோளாறு வேகத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது.

ஜோர்டான் இதில் ஒரு சோதனை செய்தார். ஒன்பதாம் புத்தகத்தின் கடைசியில் நஞ்சு நீங்கிய அந்த நாள் இருக்கிறதே, அதே நாளுக்கோ அதற்குச் சற்று முன்போ கதை பின்வாங்குகிறது. ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, அந்த நாளில் அவர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று காட்டுகிறார். சக்தியை உணரக்கூடியவர்கள் எல்லாரும் தொலைதூரத்தில் ஒரு பெரும் ஜுவாலை எரிவதுபோல உணர்ந்து, திகைத்து, "அது என்னவாக இருக்கும்?" என்று பேசிக்கொள்கிறார்கள். எலெய்ன் திகைக்கிறாள். எக்வெய்ன் முகாமில் திகைக்கிறார்கள். பெரினோடு இருப்பவர்களும் திகைக்கிறார்கள். நமக்குத்தான் அது என்னவென்று முந்தைய புத்தகத்திலேயே தெரியுமே!

வாசகனுக்குத் தெரிந்த ஒன்றைப் பாத்திரத்துக்கு மறைத்துவைத்துப் பதற்றம் உண்டாக்குவது பழைய உத்திதான். பாத்திரம் தெரியாமல் ஆபத்துக்குள் நடந்துபோனால்தான் அது வேலை செய்யும். இங்கே தெரியாமல் இருப்பதால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. அவர்கள் சும்மா தெரியாமல் இருக்கிறார்கள். அதுவும் நாலு தடவை. எல்லாரும் அந்த நாளைக் கடந்து முன்னே வருவதற்குள் புத்தகத்தின் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. ஆகவே கதை மெதுவாக நகரவில்லை, நாலு முறை அதே இடத்துக்குத் திரும்பி வந்து கிளம்புகிறது. வாசகர்கள் "எதுவும் நடக்கவில்லை" என்று சொல்லும்போது அவர்களுக்கு உறைத்தது இதுதான் என்பது என் எண்ணம்.

ஜோர்டான் இதைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

சொன்னார். எல்லாக் கிளைகளையும் அதே நாளில் தொடங்கும் அந்த அமைப்பு தான் நினைத்தபடி பலிக்கவில்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர், தொடர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை. அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் அந்த மரியாதை 700 பக்கத்தை வேகமாகப் புரட்ட உதவாது, அது வேறு விஷயம்.

அப்போது வாசகர்கள் எவ்வளவு கோபப்பட்டார்கள்?

இணையப் புத்தகக் கடையில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் வரிசைகட்டி நின்றன. "விமர்சனம் எழுதுவதற்காகவே கணக்குத் தொடங்கினேன்" வகை ஆட்கள். சிலர் புத்தகத்தைவிட விறுவிறுப்பாக விமர்சனம் எழுதியிருந்தார்கள். நூலைப் பாத்திரங்களின் குரலிலேயே கிண்டல் செய்து, பக்கம் பக்கமாகத் தேநீர் குடித்து, ஆடையைச் சரிசெய்து, ஒன்றும் செய்யாமல் முடியும் நையாண்டிகளும் வந்தன. இன்றைக்கும் வாசகர் மதிப்பெண்களில் தொடரின் அடிமட்டத்தில் இருப்பது இந்தத் தொகுதிதான்.

அதே புத்தகம் வெளியானதும் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எட்டும் ஒன்பதும்கூட அப்படித்தான். திட்டியவர்கள் எல்லாரும் காசு கொடுத்து, கெட்டி அட்டையில், முதல் வாரமே வாங்கியவர்கள். அன்பு இல்லாத இடத்தில் இவ்வளவு கோபம் வராது. போதாததற்கு, பத்தின் முன்னுரை அத்தியாயத்தை மட்டும் தனியாக மின்னூலாக 2002-லேயே விற்றிருந்தார்கள். ஆவலில் அதையும் வாங்கிப் படித்தவர்களுக்கு, முழுப் புத்தகம் வந்தபோது ஏமாற்றம் இரட்டிப்பு.

காத்திருந்து படித்தவர்களுக்குத்தான் கோபம், மொத்தமாகப் படித்தால் தெரியாது என்கிறார்களே?

இந்த வாதத்தைத்தான் இன்று அதிகம் கேட்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. தேதிகளைப் பாருங்கள்: எட்டாவது 1998 அக்டோபர், ஒன்பதாவது 2000 நவம்பர், பத்தாவது 2003 ஜனவரி, பதினொன்றாவது 2005 அக்டோபர். பெரினின் மனைவி கடத்தப்பட்டது 1998-ல். அந்தக் கடத்தல் கதை முடிந்தது 2005-ல். ஏழு வருடம்! கல்லூரியில் சேர்ந்தபோது கடத்தப்பட்டவள், படிப்பு முடிந்து வேலைக்குப் போய்க் கல்யாணம் பேசும்போதும் கூடாரத்தில்தான் இருக்கிறாள். இதற்கு நடுவில் 2004-ல் ஒரு முன்கதைப் புத்தகம் வேறு வந்தது. நல்ல புத்தகம்தான், ஆனால் அடுத்த பகுதிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்களிடம் இருபது வருடத்துக்கு முந்தைய கதையைக் கொடுத்தால் எப்படி இருக்கும்?

இன்று படிப்பவருக்கு இந்த இடைவெளி கிடையாது. பத்தை மூடிய கையோடு பதினொன்றைத் திறக்கலாம். எட்டிலிருந்து பத்துவரை ஒரே மூச்சில் படிக்கும்போது, பல இழைகள் உண்மையில் ஒரு பெரிய நாவலின் நடுப்பகுதிபோல ஓடுகின்றன. முற்றுகை என்றால் இப்படித்தான் சலிப்பாக இருக்கும், அரசியல் என்றால் இப்படித்தான் நத்தை வேகம் என்று ஏற்றுக்கொள்ளவும் முடிகிறது. நானும் வரிசையாகப் படித்த கூட்டம்தான். பயந்த அளவுக்கு இல்லை.

ஆனால் "எல்லாம் காத்திருப்பின் குறைதான்" என்று முழுப் பழியையும் காலண்டர்மேல் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலு தடவை அதே நாளுக்குத் திரும்புவது 2003-லும் சலிப்பு, இன்றும் சலிப்பு. எலெய்ன் பகுதி எப்போது படித்தாலும் இழுவை.

எலெய்ன் பகுதியில் அப்படி என்ன பிரச்சினை?

தோற்றுவிடுவாளோ என்ற பதைப்பு இல்லாததுதான். ஆண்டோர் நாட்டின் சிம்மாசனத்துக்கு அவளுக்குப் பத்து பிரபுக் குடும்பங்களின் ஆதரவு வேண்டும். யார் சேருவார்கள், யார் எதிரணி என்று கணக்கு. முற்றுகைக்குள் அரிசி பருப்பு எவ்வளவு இருக்கிறது என்பதுபோல இன்னொரு கணக்கு. அரசியல் கதையை விரும்புகிறவனுக்கு இதெல்லாம் விருந்தாக இருக்க வேண்டும். ஆனால் எதிரணித் தலைவியை நாம் சரியாகச் சந்திப்பதே இல்லை. அவள் ஜெயித்துவிடுவாளோ என்ற பயம் ஒரு நிமிடம்கூட வருவதில்லை. மிஞ்சுவது அரண்மனை நடைபாதைகள், வரிசையாக வந்து அறிக்கை சொல்லிவிட்டுப் போகிறவர்கள், அப்புறம் அந்தப் புகழ்பெற்ற குளியல் காட்சி. வாசகர்கள் இருபது வருடமாக அதை வைத்துக் கிண்டல் செய்கிறார்கள்.

எலெய்ன் நல்ல பாத்திரம். நாலாம், ஐந்தாம் புத்தகங்களில் அவளை ரசித்தவர்கள்தான் இங்கே அதிகம் நொந்துபோகிறார்கள்.

உடை வர்ணனை, பின்னலைப் பிடித்து இழுப்பது இதெல்லாம் நிஜமாகவே அவ்வளவு வருமா?

வரும். நைனீவின் பின்னல், பாவாடையைத் தடவிச் சரிசெய்வது, மூக்கால் ஒரு சத்தம், பட்டுத்துணியின் நிறம், கழுத்துப்பட்டையின் எம்பிராய்டரி. தொடர் முழுக்க உண்டு. முன்பகுதிகளில் கதை ஓடுவதால் கண்ணில் படாது. இங்கே கதை நிற்பதால் கண்ணில் அது மட்டும்தான் படுகிறது.

இந்தப் புத்தகத்தைப் பிடித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் காட்டுவது பெரினைத்தான்.

தன் படைக்குத் தானியம் வாங்க பெரின் சோ ஹாபர் என்ற ஊருக்குப் போகிறான். ஊர் முழுக்க அழுக்கு. மக்கள் குளிப்பதில்லை, யார் முகத்தையும் யாரும் நேராகப் பார்ப்பதில்லை. மூட்டைகளைத் திறந்தால் வண்டு நெளிகிறது. கடைசியில் காரணம் தெரிகிறது: செத்தவர்கள் தெருவில் நடமாடுகிறார்கள், ஊர் பயத்தில் உறைந்து கிடக்கிறது. வாளும் மந்திரமும் இல்லாமல், தானிய வியாபாரம் பேசிக்கொண்டே உலகத்தின் நெசவு அவிழ்வதை ஜோர்டான் காட்டிவிடுகிறார். தொடரிலேயே அபூர்வமான திகில் அத்தியாயம் இது. புத்தகம் நெடுக உணவு கெட்டுக்கொண்டே வருவதையும் கவனியுங்கள்; எக்வெய்னின் முகாமிலும் அதேதான். கடைசிப் போர் நெருங்குவதை எக்காளம் ஊதாமல் சமையல்கட்டிலிருந்து சொல்கிறார்.

அடுத்த அத்தியாயம் இன்னும் கனமானது. பிடிபட்ட ஷைடோ வீரர்களிடம் மனைவி இருக்குமிடம் கேட்க வேண்டும். அவர்கள் வலிக்கு அஞ்சாதவர்கள், நாள்கணக்கில் வதைத்தாலும் வாய் திறக்க மாட்டார்கள். பெரின் கோடரியை எடுத்து ஒருவனின் கையை வெட்டுகிறான். பேசாவிட்டால் எல்லாரையும் இப்படியே அங்கவீனமாக்கி, ஆளுக்கொரு ஊரில் பிச்சையெடுக்க விட்டுவிடுவேன் என்கிறான். பிறகு அந்தக் கோடரியைப் பார்க்கிறான், எறிந்துவிட்டுப் போகிறான். முதல் புத்தகத்திலிருந்து அவன் இடுப்பில் தொங்கிய கோடரி அது. கோடரியா சுத்தியலா, அழிப்பவனா ஆக்குபவனா என்று ஒன்பது புத்தகமாக அவன் மனதில் ஓடிய கேள்வி. அதற்கான விடை வெற்றியில் வரவில்லை, தன்னைக் கண்டு தானே அருவருத்த இடத்தில் வருகிறது. ஜோர்டான் வியட்நாமில் ஹெலிகாப்டர் துப்பாக்கி வீரராக இருந்தவர். இந்த மாதிரி இடங்களில் அது தெரிகிறது.

இந்த இரண்டு அத்தியாயங்கள், 26-ம் 27-ம், தொடரின் எந்த நல்ல புத்தகத்திலும் கூசாமல் உட்காரும். அடுத்த இரண்டும் மாட், துவான் இருவருக்குமானவை. பேரரசின் வாரிசைக் கடத்தியவன், அவள் தன் மனைவியாகப் போகிறவள் என்று தெரிந்து, பட்டுப் பூக்கொத்து கொடுத்து மனதைக் கரைக்கப் பார்ப்பது நல்ல கூத்து. அவள் அவனை எடைபோட்டுக்கொண்டே இருப்பாள், ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்காமல். ஆக, புத்தகத்தின் கடைசி ஐந்து அத்தியாயங்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. அதற்கு முன்னால் 25 இருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

எக்வெய்ன் பகுதி?

கலவை. கூட்டங்கள் நீளம், பெயர்கள் ஏராளம். யார் எந்தக் கட்சி என்று நினைவில் வைக்கக் குறிப்பேடு தேவைப்படும். ஆனால் கிளர்ச்சிக்கார ஐஸ் செடாய்கள், தாங்கள் பரம்பரையாக வேட்டையாடிய சக்தியுள்ள ஆண்களோடு, அதாவது கறுப்புக் கோபுரத்தோடு, உடன்பாடு பேச வாக்களிக்கும் காட்சி இந்த உலகத்தின் வரலாற்றையே திருப்புகிறது. கூட்டக் காட்சியில் இவ்வளவு பெரிய திருப்பம் வருமென்று எதிர்பாராமல் பலர் அதை மேய்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். முகாமுக்குள் நடக்கும் கொலைகளும் உண்டு. கடைசியில், ஆபத்தான வேலைக்கு மாட்டின் தங்கையை அனுப்பாமல் எக்வெய்ன் தானே படகேறிப் போய், துறைமுகச் சங்கிலியை உடையாத பொருளாக மாற்றும்போது பிடிபடுகிறாள். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி 2005 வரை காத்திருக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

ராண்ட் ஏன் வருவதே இல்லை? கதாநாயகன் இல்லாமல் புத்தகமா?

இது ஜோர்டானின் பழைய வழக்கம். மூன்றாம் புத்தகத்தில் ராண்ட் பெரும்பாலும் மறைவிலேயே இருக்கிறான். ஐந்தாம் புத்தகத்தில் பெரின் கிடையாது. ஏழின் முடிவில் மாட் மேல் சுவர் இடிந்து விழுகிறது, எட்டாம் புத்தகத்தில் அவன் தலையே காட்டுவதில்லை. அதற்கும் வாசகர்கள் கொதித்தார்கள். ஆனால் மூன்றாம் புத்தகத்தில் எல்லாரும் ராண்டைத் துரத்திப் போகிறார்கள், அவன் இல்லாமையே கதையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இங்கே அவன் செய்த பெரிய காரியத்தின் விளைவைக் கேட்கக் காத்திருக்கும் நேரத்தில் அவன் காணாமல் போகிறான். அந்த வித்தியாசம் முக்கியம்.

இழுவை எந்தப் புத்தகத்தில் தொடங்குகிறது?

இதில் ஒற்றுமையே கிடையாது. ஏழு என்பார்கள், எட்டு என்பார்கள். பத்து மட்டும்தான் இழுவை, மற்றதெல்லாம் வதந்தி என்று சாதிப்பவர்களும் உண்டு. என் கட்சி எட்டு, பத்து. ஒன்பதை அந்தப் பட்டியலில் சேர்ப்பது அநியாயம், அந்தக் கடைசி அத்தியாயம் ஒன்றே அதை மீட்டுவிடுகிறது.

பத்தைத் தாண்டிக் குதித்து நேராகப் பதினொன்றுக்குப் போகலாமா?

தகவல் மட்டும் போதுமென்றால் போகலாம். முன்னுரையில் அரட் டோமனின் தளபதி இட்டுரால்டே ஷான்சன்களுக்கு எதிராகத் திட்டமிடுகிறார்; பெரின் கோடரியை எறிகிறான்; கிளர்ச்சிக்காரர்கள் கறுப்புக் கோபுரத்தோடு பேச முடிவெடுக்கிறார்கள்; எக்வெய்ன் பிடிபடுகிறாள்; துவான் வந்தால் சமாதானம் பேசலாம் என்று ஷான்சன்கள் சொல்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் பதினொன்று புரியும்.

ஆனால் நான் சொல்வது வேறு: குதிக்காதீர்கள், ஓடுங்கள். எலெய்ன் அத்தியாயங்களில் பத்தியின் முதல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. எக்வெய்ன் பகுதியில் வாக்கெடுப்பு வரும் 19-ஆம் அத்தியாயத்தில் நின்று படியுங்கள். 26-இலிருந்து கடைசிவரை நிதானமாகப் படியுங்கள். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும்.

ஒலிப்புத்தகமாகக் கேட்டால் சுலபமா?

பலருக்குச் சுலபம். மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் இருவரும் மாறிமாறி வாசிக்கிறார்கள். கதாபாத்திரம் சமைப்பதும் துணி மடிப்பதுமாக இருக்கும்போது நீங்களும் அதையே செய்துகொண்டு கேட்கலாம். குறை என்னவென்றால், அவ்வளவு பெயர்களில் ஒன்றைத் தவறவிட்டால் முன்னே புரட்டிப் பார்ப்பது கஷ்டம்.

பதினொன்றில் நிஜமாகவே எழுந்து நிற்கிறதா? (பதினொன்று படிக்காதவர்கள் இதைத் தாண்டிவிடவும்)

ஆமாம். பெரின் மனைவியை மீட்கிறான், எலெய்ன் சிம்மாசனம் ஏறுகிறாள், மாட் கல்யாணம் முடிகிறது, பிடிபட்ட எக்வெய்ன் எதிரியின் கோபுரத்துக்குள்ளிருந்தே போராடத் தொடங்குகிறாள். பத்தில் நகராமல் கிடந்த காய்கள் எல்லாம் ஒரே புத்தகத்தில் நகர்கின்றன. பத்தைத் திட்டிய அதே வாசகர்கள் இதைக் கொண்டாடினார்கள். அதுதான் ஜோர்டான் உயிரோடிருக்கும்போது வந்த கடைசி நாவல் என்பது பின்னால் தெரிந்தது. இதயத்தைப் பாதிக்கும் அமிலாய்டோசிஸ் நோயால் 2007 செப்டம்பர் 16-இல், 58 வயதில் இறந்தார். அவர் மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல், மிச்சத்தை முடிக்க பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரே தொகுதியாக வர வேண்டியது 2009, 2010, 2013 என்று மூன்றாக வந்தது.

சாண்டர்சன் எழுதியவை வேகமாக இருப்பதால் பத்து இன்னும் மோசமாகத் தெரிகிறதா?

கொஞ்சம். ஆனால் சாண்டர்சனைப் படித்தபிறகு சிலர் பத்தை நினைத்து ஏங்குவதும் உண்டு. அவர் கதையை நகர்த்துவார், முடிச்சுகளை அவிழ்ப்பார். சோ ஹாபரின் நாற்றத்தை எழுத ஜோர்டான்தான் வேண்டும்.

மற்ற பெரிய தொடர்களிலும் இப்படி ஒரு புத்தகம் உண்டா?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தொடரில் நாலாவது, 2005-ல் வந்த 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்'. கதை பெருத்துப் போனதால் ஊர்வாரியாக இரண்டாகப் பிரித்தார். வாசகர்களுக்கு மிகப் பிடித்த ஜான், டெனேரிஸ், டிரியன் மூவரின் பார்வையிலும் அதில் அத்தியாயமே இல்லை; அவர்கள் கதையைத் தொடர 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் வந்தபோது திட்டு வாங்கி, இப்போது மெல்ல மெல்ல மதிப்பு கூடிக்கொண்டிருக்கும் புத்தகம். போர் முடிந்த நாட்டின் அவலத்தை எழுதியது என்று இன்று பாராட்டுகிறார்கள். பத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்குமா? முழுசாகக் கிடைக்காது என்பது என் கணிப்பு. மார்ட்டின் பிரித்தது இடத்தை. கதை முன்னேதான் போனது. ஜோர்டான் காலத்தையே திரும்பத் திரும்பச் சுற்றினார்.

தொலைக்காட்சித் தொடரில் இந்தப் பகுதி வருகிறதா?

வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. அமேசான் தயாரித்த தொடர் 2021-ல் தொடங்கி மூன்று பருவங்களோடு 2025-ல் ரத்தானது. மூன்றாம் பருவம் நாலாம் புத்தகத்தைத்தான் தொட்டிருந்தது.

காலம் சக்கரம் என்பதெல்லாம் நம்மிடமிருந்து எடுத்ததா?

யுகங்கள் சுழன்று திரும்ப வரும் என்ற எண்ணத்தில் இந்து மரபின் தாக்கம் இருப்பதை ஜோர்டான் மறைக்கவில்லை. அதோடு நார்ஸ் புராணம், ஆர்தர் கதை, இன்னும் பலதும் கலந்திருக்கிறது. பத்தாம் புத்தகம் பிடிக்குமா பிடிக்காதா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கேட்கிறார்கள், சொல்லிவிட்டேன்.

முன்கதையை எப்போது படிப்பது?

'நியூ ஸ்ப்ரிங்' வெளியானது பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில். சிலர் வெளியான வரிசையிலேயே படிக்கச் சொல்வார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. எக்வெய்ன் பிடிபட்ட சூட்டோடு பதினொன்றைத் திறந்துவிடுங்கள். முன்கதையை ஐந்தாம் புத்தகத்துக்குப் பிறகோ, எல்லாம் முடிந்த பிறகோ வைத்துக்கொள்ளலாம். சின்னப் புத்தகம்தான், அவசரம் ஒன்றுமில்லை.